வலது பூட்ஸின் மூக்கு

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் தனியாக உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. கல்யாணத்துக்கு முன்னால் வந்த கடிதங்கள் எல்லாம் என் கணவர் சொல்லச் சொல்ல நான் எழுதியவை. அதனால்தான் அவற்றில் அத்தனை "தங்கள் மேலான" வந்தது. இப்போது அவர் கப்பலில் இருக்கிறார். நானே சொல்லி நானே எழுதுகிறேன்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை எடுத்து "ஹலோ" சொல்வதற்குள் சம்பந்தியம்மா கைக்குப் போய்விடுகிறது. அவரிடம் பேசுவது எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த விஷயத்தை அவரிடம் கேட்க முடியாது.

விஷயம் இதுதான். மே மாதக் கடைசியில் நம் இரண்டு குடும்பமும் சேர்ந்து இருக்கப் பிள்ளைகள் ஆற்றங்கரையில் ஒரு வீடு பிடித்திருக்கிறார்கள் அல்லவா? என் மகள் போனில், "அம்மா, நீயும் மாமாவும் மீன் பிடிக்கப் போறீங்க. அத்தை கரையில எங்க கூட இருப்பாங்க" என்றாள். "எனக்கு நீச்சல் தெரியாதுடி" என்றேன். "நீந்த வேண்டாம்மா, நடந்தாப் போதும்" என்கிறாள். கப்பல்காரர் பெண்டாட்டிக்குத் தண்ணீர் பயமா என்று கேட்காதீர்கள். கப்பலில் போவது அவர். நான் வாளித் தண்ணீரோடு சரி.

இருந்தாலும் ஆசையாக இருக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை மற்றவர்களின் முட்டியையும் முதுகையும் நடக்க வைப்பதுதான் என் பிசியோதெரபி கிளினிக்கில் என் வேலை. என் கால் போன இடமென்று சொல்ல ஒன்றுமில்லை. மாப்பிள்ளை ஒரு பட்டியல் அனுப்பினார். அதில் முதலில் "வேடர்ஸ்" என்று இருந்தது. வேடர் என்றால் வில்லும் அம்புமாக நிற்பவரைத்தான் எனக்குத் தெரியும். பிறகு விசாரித்ததில் அது மார்பு வரை வரும், தண்ணீர் புகாத உடுப்பாம். அடுத்து, அதற்கு மேல் போடும் பூட்ஸ். கடைக்குப் போனால் ஒரு சுவர் நிறைய பூட்ஸ். எதைப் பார்த்து எடுப்பது? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 12

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த வீட்டில் யாரும் என்னிடம் சந்தேகம் கேட்டு வெகுகாலம் ஆகிறது. என் டிரைவிங் ஸ்கூலில் காசு கொடுத்துச் சேர்ந்தவர்களே கேட்பதில்லை. நேராகப் போய் இடிக்கிறார்கள்.

கவனமாகப் படியுங்கள். வண்டிக்கு டயர் எப்படியோ, ஆற்றுக்கு பூட்ஸ் அப்படி. தூண்டில் சுமாராக இருந்தால் மீன் வராது, அவ்வளவுதான். பூட்ஸ் சுமாராக இருந்தால் நீங்கள் திரும்பி வருவது சிரமம்.

முதலில் அளவு. வேடர்ஸின் கால் பகுதி தடித்த காலுறை போல முடியும். அதோடு சேர்த்து பூட்ஸுக்குள் கால் போக வேண்டும். ஆகவே வழக்கமான அளவைவிட ஒன்று பெரியது எடுங்கள். உள்ளே விரல்கள் அசைய வேண்டும். விரல் அசையாவிட்டால் ரத்தம் ஓடாது, குளிர் எலும்புவரை ஏறும். ஆனால் கணுக்காலை மட்டும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆற்றின் அடியில் கிடக்கும் கற்கள் ஒவ்வொன்றும் சோப்பு தடவிய பந்து. பூட்ஸின் பக்கவாட்டில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை இருந்தால் "கிழிந்திருக்கிறது" என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். உள்ளே புகும் தண்ணீர் வெளியே போக அது வேண்டும்.

அடுத்து அடிப்பாகம். இங்கேதான் உலகம் மூன்றாகப் பிரிகிறது. ஃபெல்ட் என்று கம்பளி அட்டை ஒட்டியது ஒன்று. பாசிக் கல்லை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதில் ஒட்டிய பாசி ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போய்ப் பரவுகிறது என்று நாம் போகும் ஆற்றில் தடை செய்துவிட்டார்கள். அடுத்தது வெறும் ரப்பர். மூன்றாவது, ரப்பரில் திருகி வைத்த ஆணிகள்.

நான் மூன்றையும் பார்த்தவன். ரப்பர் போட்டு விழுந்தேன். ஃபெல்ட் வாங்கினேன், விழுந்தேன். போன பருவத்தில் ஆணி வைத்தது வாங்கினேன். அதிலும் விழுந்ததில், குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சிகள் பெட்டியோடு ஆற்றில் போயின. தூண்டிலில் புழுவுக்குப் பதில் நாங்கள் மாட்டுவது அந்தப் பூச்சிகளைத்தான். தொப்பியும் போயிற்று. என் வீட்டுக்காரி, "ஆறே உங்கள வேண்டாங்குது. அதுக்குமேல உங்களுக்கு என்ன?" என்கிறாள். இன்னொரு முறை விழுந்தால் தூண்டிலைத் தூக்கி வெளியே எறிவாளாம். எனவே நானும் இப்போது நல்ல பூட்ஸ் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த பூட்ஸ் செய்கிறவர்களில் ஒருவனாவது ஆற்றில் இறங்கியிருப்பானா என்று சந்தேகம்.

அந்த ஆணி வைத்த ஜோடியைப் பார்சலில் அனுப்புகிறேன். எதை வாங்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள உதவும்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 24

அன்புள்ள சம்பந்திக்கு,

பார்சல் வந்தது. பிரித்தவுடன் ஓர் ஆறே வீட்டுக்குள் வந்துவிட்டது போல வாசனை. கிளினிக்குக்கு எடுத்துப் போய், மேஜையில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். இடுப்பு வலிக்காக வரும் ஒருவர் உள்ளே வந்து அதைப் பார்த்துவிட்டு, "இது யாரோட கால் டாக்டர்?" என்று பதறினார். நான் டாக்டர் இல்லை, அது காலும் இல்லை என்று இரண்டையும் விளக்க வேண்டியிருந்தது.

நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் அதில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஓட்டை, கணுக்கால் பிடிப்பு, ஆணி. கூடவே நீங்கள் சொல்லாத ஒன்றையும் பார்த்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுதுகிறேன்.

இடது பூட்ஸ் புதிதாக இருக்கிறது. வலது பூட்ஸின் மூக்கு மட்டும் தோல் உரிந்து வெளுத்திருக்கிறது. முன்வரிசை ஆணிகள் தேய்ந்து சப்பையாகிவிட்டன. அதே பூட்ஸின் குதிகால் ஆணிகள் கடையில் இருந்த மாதிரியே கூராக இருக்கின்றன. ஒரே ஆள், ஒரே ஆறு, ஒரே கல். இரண்டு காலும் இரண்டு விதமாகத் தேய்வானேன்?

நடக்கும்போது நாம் ஒவ்வொரு முறையும் பாதத்தின் முன்பகுதியைக் கொஞ்சம் தூக்குகிறோம். நமக்கே தெரியாது. அந்தத் தூக்குதல் குறைந்தால் மூக்கு தரையில் உரசும், கல்லில் மாட்டும். ஆள் முன்னால் விழுவார். நீங்கள் எப்போதும் முன்னால்தானே விழுந்தீர்கள்? வழுக்கினால் பெரும்பாலும் பின்னால்தான் விழுவோம்.

தயவுசெய்து ஒன்று செய்து பாருங்கள். செருப்பில்லாமல் ஹாலில் குதிகாலால் மட்டும் நடந்து பாருங்கள், விரல்களைத் தூக்கிக்கொண்டு. வலது கால் இடது கால் மாதிரி தூக்குகிறதா? மாடிப்படியில் விரல் தட்டுகிறதா? வெறும் தரையில் வலது பாதம் 'டப்'பென்று விழுகிறதா?

இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். பூட்ஸை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


மார்ச் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நீங்கள் பூட்ஸைப் பற்றிக் கேட்டீர்கள். பூட்ஸைப் பற்றிச் சொன்னேன். என் காலைப் பற்றி நான் கேட்டேனா?

ஆற்றில் ஒரு நாளாவது நின்றவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன். மேஜை மேல் வைத்துப் பார்த்துவிட்டு, நான் முன்னால் விழுந்தேனா பின்னால் விழுந்தேனா என்று எழுதுகிறீர்கள். என் ஸ்கூலுக்கு வருகிறவர்களும் இப்படித்தான், ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னாலேயே எனக்குப் பாடம் நடத்துவார்கள்.

அந்தப் பூட்ஸின் வலது காலில் தோல் மட்டம். தொழிற்சாலையில் செய்த கோளாறு. தினமும் நூறு முறை பிரேக் அழுத்துகிற கால் இது. அதற்கு ஒன்றும் இல்லை.

குதிகாலால் நடந்து பார்க்கச் சொன்னீர்கள். பார்க்கவில்லை. எங்கள் ஹாலின் தரை வழுக்கும். அதில் யாராலும் அப்படி நடக்க முடியாது.

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரி படிக்கவில்லை. அவள் படிக்காமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது. பூட்ஸைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

சம்பந்தி


மார்ச் 8

அன்புள்ள சம்பந்திக்கு,

நடந்தே பார்க்காத தரை வழுக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் சம்பந்தியம்மாவுக்கு எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். மகளிடமும் சொல்லவில்லை. உங்கள் கால், உங்கள் விஷயம். ஆற்றில் விழுந்தால் நனைவது நீங்கள் ஒருவர்தான் என்றால் நான் இதோடு வாயை மூடிக்கொள்வேன்.

ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிரேக் அழுத்துகிற கால் என்று. அழுத்துவதில் உங்களுக்குச் சிரமம் இருக்காது. தூக்கிப் பிரேக்குக்குக் கொண்டுபோவதில்தான் இருக்கும். உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள், தாங்கள் தப்புச் செய்தாலும் சார் பிரேக் போட்டுவிடுவார் என்று நம்பி ஓட்டுகிறார்கள். தெருவில் போகிறவர்களும் அந்த நம்பிக்கையில்தான் போகிறார்கள்.

பெண்ணைக் கொடுத்தவர்கள் மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்படிப் பேசலாமா என்று என் அக்கா கேட்பாள். நரம்புக்கு மாப்பிள்ளை வீடு, பெண் வீடு தெரியாது.

கோபம் இருந்தால் இருக்கட்டும். இன்னும் நான்கு வரி திட்டி எழுதுங்கள். அதை டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். முதல் சில நாட்கள் அப்படித்தான். அதற்கப்புறம் வெட்கம்.

நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் ஒரு பல் டாக்டர் வண்டி ஓட்டப் பழகுகிறார். அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிறவர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் தன் வாயைத் திறந்தபடியே இருப்பார். சந்தைக்கு இறங்கும் சரிவில் பயந்துபோய் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். என் பக்கத்துப் பிரேக் எதற்கு இருக்கிறது? காலைத் தூக்கினேன். தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். ஷூவின் மூக்கு பிரேக் கட்டையின் அடியில் போய் மாட்டிக்கொண்டது. அதை உருவி எடுத்து மிதிப்பதற்குள் வண்டி பூச்செடிக் கடையின் வாசல் ஏறி, தொட்டிகளை உருட்டிவிட்டு நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் தொட்டிகளின் நடுவே ஒரு முக்காலி கிடந்தது. கவிழ்ந்து, கால் உடைந்து கிடந்தது. கடைக்கார அம்மா செடிக்குத் தண்ணீர் பிடிக்க அப்போதுதான் எழுந்து உள்ளே போயிருந்தாராம். கையில் பூவாளியோடு வெளியே வந்து முக்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களுக்கு அடிபடலையே சார்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்து என் வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தாள். "சம்பந்தியம்மா இவ்வளவு எழுதியிருக்காங்க. நீங்க ஹாலில நடந்து பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன் என்றேன். "என்ன ஆச்சு?" வலது கால் எழவில்லை என்றேன். "நான் தினமும் அந்த 'டப் டப்'பைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். செருப்பு பெரிசு போலன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். மறுநாளே டாக்டர்.

முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு நரம்பு போகிறது என்றும், அது எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் மெத்தை எதுவுமில்லாமல் ஓடுகிறது என்றும் உங்களுக்குத் தெரியும். எனக்கு இப்போதுதான் தெரியும். கம்பி ஒட்டி, ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த இடத்தில்தான் நசுங்கியிருக்கிறதாம். டாக்டர் சின்ன வயசுப் பெண். "சார், சாயங்காலத்துல என்ன பண்ணுவீங்க?" என்றாள். பூச்சி கட்டுவேன் என்றேன். "எப்படி உக்காந்து?" என்றாள். உட்கார்ந்து காட்டினேன். "ஆ! அதுதான்!" என்று கையைத் தட்டினாள்.

கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன், சம்பந்தியம்மா. வலது கால் மேலே. வருஷக்கணக்காக அப்படித்தான் உட்கார்ந்து பூச்சி கட்டுகிறேன். முன்பெல்லாம் உடம்பில் சதை இருந்தது, நரம்பு பிழைத்தது. சர்க்கரை ஏறிவிடும் என்று பயமுறுத்தி என் வீட்டுக்காரி என்னைப் பாதியாக இளைக்க வைத்தாளே, அதில் அந்த மெத்தையும் போய்விட்டது. "அப்ப இதுக்குக் காரணம் இவங்க சமையல்தானே டாக்டர்?" என்று கேட்டேன். அங்கேயும் அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள். அதோடு வீடு பழைய நிலைக்குத் திரும்பியது.

அறுவை சிகிச்சை வேண்டாமாம். கால் மேல் கால் கூடாது. பாதத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி செய்தால் நரம்பு திரும்பி வர வாய்ப்பு அதிகமாம். அதுவரை வகுப்புகளை என் உதவியாளர் எடுக்கிறார். நான் மேஜையில் உட்கார்ந்து பெயர் பதிகிறேன். இரண்டு காலும் தரையில்.

பூச்செடிக் கடைக்கு நானே போய் ஒரு புது முக்காலி கொடுத்தேன்.

திட்டி எழுதச் சொன்னீர்கள். டாக்டரின் வரவேற்பறையில் பேனா எடுத்தேன். ஒரு வரியும் வரவில்லை.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 9

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தைக் கிளினிக்கில் பிரித்தேன். "நரம்பு திரும்பி வர வாய்ப்பு அதிகமாம்" என்ற இடத்தில் சத்தமாக "அப்பாடா!" என்று சொல்லிவிட்டேன். கழுத்தில் பெல்ட்டோடு படுத்திருந்தவர், தனக்குத்தான் ஏதோ சரியாகிவிட்டது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

என் பங்குக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் நீங்கள் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். நானும் அக்காவும் பின்னால் நின்று, "மாப்பிள்ளைக்கு அப்பான்னா இப்படித்தான் உக்காரணுமா, பாரேன்" என்று காதைக் கடித்துக்கொண்டோம். அக்காவுக்குப் போன் செய்து, "அது திமிர் இல்லடி, பழக்கம்" என்று சொன்னேன். அவள், "ரெண்டும் இருக்கலாம்" என்கிறாள்.

பயிற்சிகளைத் தனித் தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். படம் சுமார்தான். அதில் இருப்பது பாதம், கத்திரிக்காய் அல்ல. ரப்பர் பட்டையின் ஒரு முனையை மேஜைக் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி, பாதத்தை உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். வலித்தால் நிறுத்துங்கள். வலிக்காவிட்டால், கோபம் வந்தாலும் நிறுத்தாதீர்கள்.

இனி என் கதை. பூட்ஸ் வாங்கிவிட்டேன்! கடைக்காரர், "சாருக்கு என்ன சைஸ்மா?" என்றார். "சார் கப்பல்ல இருக்காரு. எனக்குத்தான்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஃபெல்ட் வைத்த ஒன்றை எடுத்து, "இதுதான் லேடீஸுக்கு சேஃப்டி" என்றார். "நாங்க போற ஆத்துல அதுக்குத் தடை. ரப்பர் அடி, ஆணி வச்சது காட்டுங்க. கணுக்கால் இறுகணும். என் கிட்ட இருக்கிற தடிச் சாக்ஸ் போட்டுத்தான் பாப்பேன்" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னை "மேடம்" என்றார்.

பெண்கள் அளவு கிடங்கில்தான் இருந்தது. தேடிக் கொண்டுவந்தார். கடையின் மூலையில் கற்களைப் பதித்து ஒரு சின்ன மேடு வைத்திருக்கிறார்கள், ஏறி இறங்கிப் பார்க்க. முதல் ஜோடியில் இறங்கும்போது விரல் முன்னால் போய் இடித்தது. வேண்டாம் என்றேன். அடுத்ததில் குதிகால் உள்ளேயே தூக்கியது. வேண்டாம். மூன்றாவது ஜோடி கணுக்காலை ஒரு நல்ல நர்ஸ் மாதிரி பிடித்துக்கொண்டது. அதுதான் என்றேன். கயிறு மட்டும் ஊதா நிறம். போகட்டும், மீனுக்குத் தெரியவா போகிறது?

எங்கள் அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்கிப் பழகுகிறேன். ஆணி கல்லில் படும் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து என் காலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

மேயில் உங்களால் ஆற்றில் இறங்க முடியாவிட்டால் நானும் இறங்க மாட்டேன். ஆகவே ஒழுங்காகப் பயிற்சி செய்யுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 27

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நேற்று பெருவிரல் எழுந்தது!

வழக்கம் போல நாற்காலியில் உட்கார்ந்து, கத்திரிக்காய்ப் படத்தில் உள்ளபடி காலை நீட்டி, "எழுந்திரு எழுந்திரு" என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி தரையில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரல் கொஞ்சம் அசைந்தது. அப்புறம் மேலே வந்தது. "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று அவள் கத்தியதில் பக்கத்து வீட்டார் யாருக்கோ பிரசவம் என்று ஓடி வந்தார்கள்.

அவள் என் மேல் காட்டும் கண்டிப்பைச் சொல்லி மாளாது. நாற்காலியில் நான் லேசாக ஒருக்களித்தாலே, அடுத்த அறையிலிருந்து "காலு!" என்று ஒரு குரல் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று புரியவில்லை.

டாக்டர், மே கடைசியில் முழங்கால் ஆழம் வரை இறங்கலாம் என்றிருக்கிறாள். கையில் ஊன்றுகோல் வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் என்றதும் "அப்ப எனக்குக் கவலையே இல்ல" என்று சிரித்தாள். என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. "அவங்களுக்கு நீச்சல் தெரியாது, உங்களுக்குக் கால் சரியில்ல. நல்ல ஜோடி" என்றாள்.

புது பூட்ஸ் வாங்கப் போவதில்லை. அந்தப் பழைய ஜோடியை வரும்போது கொண்டுவாருங்கள். முன்வரிசை ஆணிகளை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். பாவம், அதற்கு ஒரு கோளாறும் இல்லை. அதைச் செய்த தொழிற்சாலையையும் ஏகத்துக்குத் திட்டிவிட்டேன்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 4

அன்புள்ள சம்பந்திக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். பூட்ஸை நீங்கள் சொன்னபடி கழுவி, காகிதம் திணித்து நிழலில் காயவைத்திருக்கிறேன்.

அங்கே எல்லோருடைய முன்னாலும் சொல்ல முடியாத ஒன்றை எழுத வேண்டும். இரண்டாம் நாள் காலையில் ஆற்றின் நடுவே நான் அசையாமல் நின்றேனே, மீனைக் குறிபார்த்து நிற்பதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை போட்டோவும் எடுத்தார். போட்டோவில் நான் பெரிய நிபுணர் மாதிரி இருக்கிறேன்.

உண்மையில் எனக்குக் கால் வரவில்லை. முதலில் உங்களுக்குப் பின்னால் நன்றாகத்தான் வந்தேன். ஆணி கல்லைப் பிடிப்பது உள்ளங்காலில் தெரிந்தது. அந்தத் தெம்பில், நீங்கள் சொல்லாமலே இரண்டு அடி அப்பால் போய்விட்டேன். தண்ணீர் முட்டிக்கு மேலே ஏறியது. கீழே பார்த்தேன். தண்ணீர் ஓடுவதற்குப் பதில் நான் ஓடுவது போல இருந்தது. அவ்வளவுதான். முன்னால் வைக்க முடியவில்லை, பின்னால் எடுக்க முடியவில்லை. எத்தனை பேரிடம் "தைரியமா காலை எடுத்து வைங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருப்பேன்! அவர்கள் எல்லோரும் வரிசையாகக் கரையில் நின்று என்னைப் பார்ப்பது போல இருந்தது.

நான் கூப்பிடவும் இல்லை. நீங்கள் எப்படித் திரும்பிப் பார்த்தீர்கள் என்று தெரியாது. பார்த்தவுடன் தூண்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோலை ஊன்றி என்னை நோக்கி நடந்து வந்தீர்கள். அந்த வலது கால் ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் எழுவதை என்னால் பார்க்க முடிந்தது. பயத்திலும், "நல்லாத் தூக்குறாரே" என்று ஒரு மூலையில் நினைத்தேன். தொழில் புத்தி.

என் மேல்புறம் வந்து நின்று, தண்ணீரை உங்கள் முதுகில் வாங்கிக்கொண்டு, "கீழ பாக்காதீங்க. அதோ அந்த மஞ்சள் புதரைப் பாருங்க. நான் கியர் மாத்துறேன், நீங்க வண்டிய மட்டும் நகத்துங்க" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கால் வந்தது.

கரையிலிருந்து சம்பந்தியம்மா கத்தியது எதுவுமே என் காதில் விழவில்லை. உங்கள் காதில்?

ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து மூச்சு வாங்கினபோது, என் பின்னாலேயே தானாக இழுபட்டு வந்த தூண்டிலில் மீன் மாட்டியிருந்ததே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள், "இப்படி ஒரு மீன நான் பத்து வருஷமாத் தேடறேன்!" என்று கத்தினீர்கள். கையில் எடுத்து, தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தேன். அதன் நெஞ்சு என் விரலில் அடித்துக்கொண்டது. விட்டுவிட்டேன். வால் ஒரு தரம் என் மணிக்கட்டைத் தட்டிவிட்டுப் போனது.

கப்பலுக்கு எழுதினேன். என் கணவரிடமிருந்து ஒரே வரியில் பதில்: "ஆற்றின் நடுவிலா? நீயா?"

கால் எப்படி இருக்கிறது? சம்பந்தியம்மா என்னோடு போனில் அதிகம் பேசவில்லை. என் மேல் வருத்தமா? நான்தானே உங்களை ஆழத்துக்குள் வர வைத்தேன்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 15

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

முதலில் கால். டாக்டர் பட்டையைக் கழற்றிவிட்டாள். குதிகாலால் அவளுடைய அறை முழுக்க நடந்து காட்டினேன். திரும்பி வரும்போது கொஞ்சம் ஸ்டைலாகவே நடந்தேன். அடுத்த வாரத்திலிருந்து நானே வகுப்பு எடுக்கலாம். பல் டாக்டர் எனக்காகக் காத்திருக்கிறார். இத்தனை நாள் அவருக்கு வகுப்பு எடுத்த என் உதவியாளர் ஒரு வாரம் லீவு கேட்டிருக்கிறார்.

இரண்டாவது, நீங்கள் கேட்டது. உங்கள் மேல் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் ஊர் திரும்பியதிலிருந்து பேச்சே இல்லாமல்தான் இருந்தாள். நான் ஒருக்களித்து உட்கார்ந்தால் கூட "காலு!" வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் அங்க நடுவுல நின்னீங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கத்தறது மட்டுந்தான். நான் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள்.

கேட்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். தண்ணீர் சத்தம்.

"அதான். எனக்கு அது பிடிக்கல. எனக்கும் பூட்ஸ் வேணும்" என்றாள்.

கடைக்குப் போனோம். நான் வாயைத் திறந்து, "முதல்ல அளவு பாக்கணும், அப்புறம்..." என்று ஆரம்பித்தேன். "நீங்க வெளியில நில்லுங்க. நீங்க பூட்ஸ் வாங்கின லட்சணம் எனக்குத் தெரியும். சம்பந்தியம்மா எப்படி வாங்கினாங்கன்னு படிச்சிருக்கேன்" என்றாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். தடிச் சாக்ஸைப் பையிலிருந்து எடுத்தாள். கல்மேட்டில் ஏறினாள், இறங்கினாள். கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பெட்டி மேல் பெட்டி ஏறியது. கடைசியில் ஒன்றைப் போட்டுக்கொண்டு மேட்டின் உச்சியில் இடுப்பில் கை வைத்து நின்று, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கல்யாணமான புதிதில் அவளை அப்படிப் பார்த்தது.

இன்று காலை ஊருக்கு வெளியே ஓடும் ஓடைக்குப் போனோம். ஆழம் இல்லை, ஆனால் வேகம் உண்டு. கையை நீட்டினேன். "வேண்டாம், கோல் போதும்" என்று சொல்லிவிட்டுத் தனியாக இறங்கினாள். ஒவ்வொரு அடியாக வைத்து, பார்த்து, எடை போட்டு, நடுவில் போய் நின்றாள். தண்ணீர் முழங்காலைச் சுற்றி நுரைத்தது. திரும்பி, "இழுக்குதுங்க! நல்லா இழுக்குது!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு இன்னும் ஓர் அடி அப்பால் வைத்தாள். "போதும்! அதுக்குமேல போகாத! காலு! காலப் பாத்து வை!" என்று ஒரு குரல் ஓடையே அதிரும்படி கேட்டது.

கரையில் நான் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, கேட்கவில்லை என்று சைகை காட்டிவிட்டு, மேலே நடந்தாள்.

உங்கள் சம்பந்தி